விடத் தெரியாத கை

வாசலில் வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டதுமே ஃபோசுவா கட்டிலிலிருந்து எழுந்துவிட்டாள். சட்டையின் முதுகுக் கொக்கிகள் பாதி இன்னும் மாட்டப்படவில்லை. அதைப் பற்றி இப்போது யார் கவலைப்படுவது! ஜன்னல் கண்ணாடிப் பட்டைகளை இடது கையால் சரித்து, இடுக்கில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தாள்.

முதலில் ஜின் பாட்டில்கள் அடுக்கிய கூடை இறங்கியது. அதன் பின்னால் பாரிமா. தோளில் புதுத் துணி போர்த்துக்கொண்டு, இவன் டெச்சிமான் ஊருக்கு வண்டி ஓட்டுகிறவன் என்று யாரும் சொல்ல முடியாதபடி பளபளவென்று இருந்தான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து முட்டிக்கொண்டு வந்தன. அப்புறம் வேன் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஊதாத் தலைக்கட்டோடு ஒரு பெரிய அம்மாள் இறங்கி நின்றாள். பாரிமா ஓடிப்போய் அவளுடைய கைப்பையை வாங்கிக்கொண்டான்.

ஃபோசுவா ஜன்னலை விட்டுத் துள்ளி விலகினாள்.

"அம்மா! ஓடி வாயேன்! அந்தப் பொம்பள வந்திருக்கு!"

மன்சா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். "எந்தப் பொம்பள?"

"போன வெள்ளிக்கிழம ஸ்டேஷன்ல என்கூடச் சண்ட போட்டுச்சே, அது! பாரிமாவோட பெரியம்மா அதுதான் போலிருக்கு!"

கரண்டியிலிருந்த குழம்பு தரையில் சொட்டியது. "நாசமாப் போச்சு," என்றாள் மன்சா. "ஊர் பூராவும் மைக்ல கேட்டுச்சே அந்தச் சண்ட, அதா?"

"அதேதான்."

ஃபோசுவாவின் வலது கை அதற்குள் இறுக மூடிக்கொண்டுவிட்டது. அதற்குச் சந்தோஷம், பயம் என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. மனசு கொஞ்சம் ஆடினால் போதும், விரல்கள் ஒவ்வொன்றாக உள்ளே மடங்கி, இரும்புப் பூட்டு மாதிரி ஆகிவிடும். காலையில் குளிக்கும்போதே சுண்டுவிரல் தொடங்கிவிட்டது. இன்றைக்கு அவளைப் பெண் கேட்டு, முறைப்படி ஜின்னோடு கதவு தட்ட வருகிறார்கள் அல்லவா!

மூன்று வருஷத்துக்கு முன் இந்தக் கைதான் குமாசி நகரின் அந்தப் பகுதியிலேயே வேகமாகச் சடை பின்னும் கை. இருபத்தைந்து வயது. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், பக்கத்து வீட்டு பிராகோ அக்காளின் தலையில் பாதி பின்னி முடித்திருந்தபோது சீப்பு கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவள் எழுந்திருக்கவில்லை. வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. பாதித் தலை சடையும் பாதித் தலை பறட்டையுமாக பிராகோ அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அன்று ராத்திரி வரை அதே தலையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

பக்கவாதம் என்று சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. அது தாத்தாக்களுக்கு வருவது. யாரோ எதையோ வைத்துவிட்டார்கள் என்றார்கள். ரத்த அழுத்தம் எகிறியிருந்தது, யாரும் பார்க்காமல் விட்டுவிட்டார்கள் என்றார் டாக்டர். நடை நான்கு மாதத்தில் வந்தது. பேச்சு வரத்தான் நாளாயிற்று. அம்மா பஸ் ஸ்டேஷனில் சோறு விற்கிறவள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒலிபெருக்கியில் கூப்பிடுகிற ஊர்ப் பெயர்களையெல்லாம் ஃபோசுவா திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். "வென்...ச்சி. பெரெ...க்கும். டெச்...சி...மான்." நாக்கு கல்லாக இருந்தது. ஒரு வருஷம் சொன்னாள். ஒரு நாள் கூப்பிடுகிறவன் வரவில்லை என்று ஸ்டேஷன் மேனேஜர் விளையாட்டாக மைக்கை அவள் முன் வைத்தார். அன்றிலிருந்து அது அவளுடைய வேலை. 'டெச்...சிமான்' என்று அவள் இழுக்கிற இழுப்பில் ஊருக்குப் போகாதவனுக்கும் போகத் தோன்றும் என்று டிரைவர்கள் கேலி செய்வார்கள். அந்த இழுப்பில் நிஜமாகவே விழுந்தவன் பாரிமா. தன் வண்டி நிரம்பிய பிறகும் கிளப்பாமல், "இன்னொரு தடவ கூப்பிடச் சொல்லு" என்று ஆள் அனுப்புவான்.

பேச்சு வந்துவிட்டது, கால் வந்துவிட்டது. கை மட்டும் பாதியில் நின்றுவிட்டது. மூடத் தெரியும். திறக்கத் தெரியாது. ஆகவே எல்லாவற்றுக்கும் இடது கைதான். இந்த ஊரில் இடது கையால் ஒன்றைக் கொடுத்தாலும் வாங்கினாலும், ஏன், வழி காட்டினாலும்கூட, எதிராளியின் முகத்தில் துப்புவதற்குச் சமம். அதனால் ஒவ்வொரு தடவையும் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்: "மன்னிக்கணும், இடது கை." தண்ணீர் வாங்கும்போது, டிக்கெட் கொடுக்கும்போது, கோயிலில் பாட்டுப் புத்தகம் நீட்டும்போது. மன்னிக்கணும், இடது கை. சில நாள் தூக்கத்தில்கூடச் சொல்லியிருக்கிறாள்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணி. பாரிமாவின் வண்டி முன்னாலேயே கிளம்பிப் போயிருந்தது. களைப்பில் எலும்பெல்லாம் மாவாக இருந்தது. ஊதாத் தலைக்கட்டு ஒன்று வந்து, "டெச்சிமான் வண்டி எது?" என்று கேட்டது. ஃபோசுவா பேச்சை நிறுத்தாமலே இடது கையை நீட்டிக் காட்டினாள். மன்னிப்பு கேட்கவில்லை. மறந்துவிட்டாள்.

"ஏய் பொண்ணே, எனக்கு இடது கையால வழி காட்டுறியா? நான் என்ன உங்க வீட்டு ஆடா?"

"அதோ போர்டு தொங்குது பாருங்க, எழுதியிருக்கு."

"உன்னப் பெத்தவ உனக்கு மரியாதைன்னு ஒண்ணு சொல்லிக் குடுக்கலயா?"

"நெறையக் குடுத்துதான் அனுப்பினா. காலையிலேருந்து நாப்பது பேருக்குக் குடுத்துத் தீந்துபோச்சு. உங்களுக்கு மிச்சமில்ல."

மைக் அணைக்கப்படவில்லை. ஸ்டேஷனின் எட்டு மூலைகளிலும் அது ஒலித்தது. ஆரஞ்சு விற்கிறவர்கள் கைதட்டினார்கள். மறுநாள் டிரைவர்கள் ஒவ்வொருவராக வந்து, "மரியாத இன்னிக்கு ஸ்டாக் இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அந்த அம்மாள்தான் இப்போது வாசலில் நிற்கிறாள். தாயில்லாத பாரிமாவை வளர்த்தவள். செர்வா பெரியம்மா. அவள் தலையசைத்தால்தான் அந்த ஜின் பாட்டில் திறக்கும், சம்பந்தம் முடிவாகும்.

ஃபோசுவா போனை எடுத்தாள். வெளியே பாரிமா தோள்துணிக்குள் கையை விட்டுத் தடவுவது ஜன்னல் வழியே தெரிந்தது.

"என்ன?" என்று கிசுகிசுத்தான்.

"என் கையப் பத்தி உங்க பெரியம்மாகிட்ட சொல்லிட்டேன்னு சொன்னியே?"

"உடம்பு சரியில்லாம இருந்துச்சு, இப்ப நல்லாயிட்டான்னு சொன்னேன்."

"கையச் சொன்னியா?"

ஜன்னலுக்கு வெளியே அவன் தலையைச் சொறிந்தான்.

"பாரிமா!"

"கைய மட்டும் தனியா எடுத்து எப்படிச் சொல்றது? அவளுக்கு மூக்கு இருக்கு, காது ரெண்டு இருக்குன்னா சொல்லிட்டிருப்பாங்க? எனக்கு அது ஞாபகமே வரல, சத்தியமா."

"ஞாபகம் வராம இருக்கறதுக்கு அது என்ன கைக்குட்டையா?"

"நான் வாசல்படி தாண்டப் போறேன். தாண்டிட்டா மாப்பிள்ள வாயத் திறக்கக் கூடாது. முறை. வச்சுடறேன்."

வைத்துவிட்டான். அவளுக்கு அவனைக் கடிக்க வேண்டும் போலவும் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

மன்சா அதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். பெட்டியிலிருந்து வெள்ளைச் சால்வையை உருவினாள். மகளின் தோளைச் சுற்றி, மூடிய கை உள்ளே மறைகிற மாதிரி போர்த்தினாள். "கேட்டுக்க. மூஞ்சில மை, தலையில விக்கு. அவளுக்கு அடையாளம் தெரியாது. கைய வெளிய எடுக்காத. மாமா மூணு தடவ கேப்பாரு, பாட்டில வாங்கிக்கலாமான்னு. மெதுவா, பூனக்குட்டி மாதிரி 'ஆமா'ன்னு சொல்லு. திறந்து ஊத்திட்டாங்கன்னா அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

"ஏமாத்தறதும்மா அது."

"ஏமாத்தறதுமில்ல, ஒண்ணுமில்ல. சரியான நேரத்துல சொல்றது. முதல் பிள்ள பொறந்தப்புறம் சொல்லிக்கலாம்."

முற்றத்தில் துணிப்பந்தல். பிளாஸ்டிக் நாற்காலிகள் இரண்டு வரிசையாக எதிரும் புதிருமாகப் போட்டிருந்தார்கள். வந்தவர்கள் வலப்பக்கத்திலிருந்து தொடங்கி ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து, விடும்போது வழக்கப்படி ஒருவர் விரலில் ஒருவர் சொடுக்கி, போய் உட்கார்ந்தார்கள். பெண் வீட்டுக்காகப் பேச வந்திருந்த பிராகோ நடுவில் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"இவ்வளவு காலங்காத்தால கூட்டமா வந்திருக்கீங்களே, வீட்டுல தீ கீ பிடிச்சிருச்சா?"

மாப்பிள்ளை பக்கத்துக் கிழவர் எழுந்தார். "இந்தப் பக்கமா போயிட்டிருந்தோம். உங்க தோட்டத்துல ஒரு பூவப் பாத்தோம்."

"நாங்க பூவெல்லாம் வளக்கறதில்ல. மிளகாதான் வளக்கறோம். பரவாயில்லயா?"

"எங்க பையன் காரம் சாப்பிடுவான்."

கூட்டம் சிரித்தது. பாரிமா வாயை இறுக்கி மூடிக்கொண்டு தரையைப் பார்த்தான். அவன் தோள்கள் மட்டும் குலுங்கின. செர்வா சிரிக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, கைப்பையை மடியில் நிறுத்தி வைத்திருந்தாள்.

ஃபோசுவாவை அழைத்து வந்து தாய்மாமா அஜெய்யின் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். கூடை அவர் முன்னால் வைக்கப்பட்டது. மாமாவுக்கு ஒரு காது அவ்வளவாகக் கேட்காது. அந்தக் காதுதான் அவள் பக்கம் இருந்தது.

"மகளே, இவங்க ஒரு பாட்டில் கொண்டாந்திருக்காங்க. இத நாங்க வாங்கிக்கலாமா? அப்புறமா திருப்பிக் குடுக்கற மாதிரி வைக்க மாட்டியே?"

"ஆமா மாமா," என்றாள் பூனைக்குட்டி மாதிரி.

"சரி. ரெண்டாவது தடவ கேக்கறேன். வாங்கிக்கலாமா?"

"ஆமா."

"என்னது?"

"ஆமா மாமா."

"ஒண்ணும் கேக்கலயே! வாயில என்ன வாழப்பழமா வச்சிருக்க? உரக்கச் சொல்லு!"

மனசு எப்போதிலிருந்தோ துள்ளிக்கொண்டிருந்தது. அடக்கி வைத்த குரல் பிய்த்துக்கொண்டு வந்தது. "ஆமா...ம் மாமா!" டெச்சிமானுக்கு விழுகிற அதே இழுப்பு.

செர்வாவின் தலைக்கட்டு மெல்ல நிமிர்ந்தது.

"நிறுத்துங்க," என்றாள். "இந்தக் குரல நான் கேட்டிருக்கேன்."

பந்தலில் யாரோ கொடுத்த டம்ளர் பாதி வழியில் நின்றது.

"ஸ்டேஷன்காரி! போன வாரம் இதே வீட்டு விசேஷத்துக்குத் துணி எடுக்கத்தான் வந்தேன். வழி கேட்டேன். இடது கையால காட்டினா. கேட்டதுக்கு, மரியாத தீந்துபோச்சுன்னு மைக்ல சொன்னா. ஆரஞ்சுக்காரிங்க கைதட்டினாளுங்க! நான் வளத்த பிள்ளைய இந்த வாய்க்கா குடுக்கப் போறேன்?"

பிராகோ இடுப்பிலிருந்து கையை எடுத்துவிட்டாள். பாரிமா எழுந்தான். பக்கத்துக் கிழவர் அவன் துணியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். மன்சா மகளின் காதருகே குனிந்தாள்.

"மன்னிப்பு கேட்டுடு. தெரியாம பேசிட்டேன், வளப்பு சரியில்லன்னு சொல்லிடு, முடிஞ்சது. கைய மட்டும் எடுக்காத. கும்பிடறேன்டி."

அது நடக்கும் என்று ஃபோசுவாவுக்கும் தெரியும். கொழுப்பெடுத்த பெண் ஒருத்தி தலைகுனிந்து மன்னிப்பு கேட்டால் பெரியவர்கள் மன்னித்துவிடுவார்கள். பாட்டில் திறந்துவிடும். பாரிமா அவளுடையவன் ஆகிவிடுவான். அதன் பிறகு செர்வாவின் வீட்டில் ஒவ்வொரு பண்டிகைக்கும் சால்வைக்குள் கையை ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். என்றைக்காவது ஒரு நாள் சால்வை நழுவும்.

எதிரே பாரிமாவைப் பார்த்தாள். அவன் தன் வலது கையை நெஞ்சில் வைத்து மூடி மூடித் திறந்தான். எடு, எடு என்கிறான். பேசக்கூடாது என்றுதானே முறை, கையை ஆட்டக்கூடாது என்று இல்லையே!

அவள் எழுந்தாள். செர்வாவை நோக்கி நடந்தாள். உற்சாகத்தில் வலது கால் கொஞ்சம் இழுத்தது. இழுக்கட்டும்.

"அத்தை, என் வாய் பேசினது தப்பு. வயசுல பெரியவங்க நீங்க. அதுக்கு இத்தன பேர் முன்னால மன்னிப்பு கேக்கறேன். எங்கம்மா வளப்புல ஒரு குறையும் இல்ல." மூச்சு வாங்கினாள். "ஆனா அந்த இடது கைக்கு நான் மன்னிப்பு கேக்க மாட்டேன். மூணு வருஷமா கேட்டுக் கேட்டு வாய் வலிக்குது. என்கிட்ட வேற கை இல்ல. இருக்கறது இதுதான்."

சால்வையைத் தள்ளினாள். மூடிய வலது கையை இடது கையால் மணிக்கட்டில் மடக்கி, விரல்களைப் பிரித்து, ஆஸ்பத்திரியில் பழகினபடி கட்டை விரலை வெளியே எடுத்து, நீட்டினாள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக ஒருவருக்கு வலது கை நீட்டுகிறாள்.

நீட்டிய வலது கையை வெறுமனே தொங்கவிடுகிற பழக்கம் செர்வாவின் பரம்பரைக்கே கிடையாது. கோபத்திலும் அவள் கை தானாக வந்து பிடித்துக்கொண்டது. ஒரு குலுக்கு. சொடுக்குவதற்காக விரல்களை உருவினாள்.

வரவில்லை.

மறுபடி உருவினாள். ஃபோசுவாவே ஒரு அடி முன்னால் வந்துவிட்டாள்.

"விடும்மா."

"முடியல அத்தை."

"என்ன முடியல?"

"அதுக்குப் பிடிக்கத் தெரியும். விடத் தெரியாது. இருபத்தஞ்சு வயசுல பக்கவாதம் வந்துச்சு. அன்னியிலேருந்து இப்படித்தான். நான் சந்தோஷமா இருந்தா இன்னும் இறுக்கும்."

"இப்ப நீ சந்தோஷமாவா இருக்க?" செர்வா மூச்சுத் திணறினாள். "நான் இந்தத் திட்டு திட்டினப்புறமா?"

"ரொம்ப சந்தோஷமா இருக்கேன் அத்தை. அதுதான் கஷ்டமே."

எங்கிருந்தோ ஒரு சிரிப்பு வெடித்தது. பிராகோவுக்கு உயிர் திரும்பிவிட்டது. "பாத்தீங்களாய்யா! பொண்ணக் கேட்டு வந்தீங்க, பெரியம்மாவப் பறிகுடுத்துட்டீங்க! இனி பேச்சுவார்த்தைய நாங்கதான் நடத்தணும்!"

"பெரியம்மாவ மீட்க எத்தன பாட்டில்?" என்றார் அந்தப் பக்கத்துக் கிழவர்.

மன்சா ஓடி வந்தாள். "நகருங்க, நான் எடுத்துடறேன். மணிக்கட்ட மடக்கினா திறந்துக்கும்."

"வலிக்குமா அவளுக்கு?" என்று கேட்டாள் செர்வா.

"கொஞ்சம்."

"அப்ப விடு. தானா வரட்டும்." சுற்றிலும் பார்த்தாள். "நின்னுக்கிட்டே இருக்க முடியாது. நாற்காலி போடுங்க யாராவது."

இரண்டு வரிசைக்கும் நடுவே இரண்டு நாற்காலி போட்டார்கள். கோர்த்த கையோடு இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். மற்றவர்கள், தலைவியே மாட்டிக்கொண்டிருக்கும்போது பாட்டிலைத் திறக்கலாமா கூடாதா என்று கத்திக் கத்தி வாதாடத் தொடங்கினார்கள். அந்த இரைச்சலில் செர்வா குரலைத் தாழ்த்தினாள்.

"நடக்க வருது. சமைக்க?"

"வெங்காயம் நறுக்க ஆணி அடிச்ச பலகை வச்சிருக்கேன். ஃபூஃபூவுக்குக் கிழங்கு இடிக்க முடியாது. உரல்ல திருப்பிப் போடுவேன். இடிக்கறது பாரிமாவோட வேலைன்னு பேசி வச்சிருக்கோம்."

"அவன் இடிப்பானா? என் வீட்டுல உலக்கையத் தொட்டதில்ல அவன்."

"போன மாசம் எங்கம்மா வீட்டுல இடிச்சான். கூரையெல்லாம் ஒட்டிக்கிச்சு."

செர்வாவின் உதடு லேசாகத் துடித்தது. அடக்கிக்கொண்டாள். "திரும்ப வருமா அந்தப் பக்கவாதம்?"

"வராதுன்னு யாரும் எழுதிக் குடுக்க மாட்டாங்க. மாத்திரை ஒரு நாள் விடறதில்ல. ரத்த அழுத்தம் வாரா வாரம் பாக்கறேன். பிள்ள பெத்துக்கலாம், டாக்டர் பக்கத்துலயே இருந்து பாக்கணும்னு சொன்னாங்க. ரெண்டு மணிக்கு மேல களைச்சுப் போயிடுவேன். ஸ்டேஷன் மேசைக்கு அடியில அரை மணி தூங்குவேன். சில நாள் காரணமே இல்லாம அழுக வரும். எல்லாத்தையும் இப்பவே சொல்லிடறேன், அத்தை. அப்புறம் மறைச்சுட்டான்னு சொல்லக் கூடாது."

"மறைச்சது நீயில்ல." செர்வா எதிரே திரும்பினாள். "டேய்! இங்க வா. இந்தக் கையப் பத்தி ஏன்டா சொல்லல?"

பாரிமா வந்து நின்றான். வாயைக் காட்டி, முடியாது என்று தலையாட்டினான்.

"முறையாவது மண்ணாவது, பேசுடா!"

"மறந்துட்டேன் பெரியம்மா. சத்தியமா. அவகூட இருக்கறப்ப எனக்கு அது தெரியறதே இல்ல."

"வண்டியில பிரேக் இல்லன்னாலும் மறந்துடுவியா?"

"அவளுக்கு பிரேக் இல்லன்னு எனக்கு முதல்லயே தெரியும்."

ஃபோசுவா இடது கையால் அவன் தொடையில் ஒன்று வைத்தாள். அவன் சிரித்துக்கொண்டே தன் இடத்துக்கு ஓடினான்.

செர்வா கோர்த்திருந்த கைகளைப் பார்த்தாள்.

"என் வீட்டுக்காரருக்கும் இதே வலது பக்கம்தான்," என்றாள் பிறகு. "ஏழு வருஷம் இருந்தாரு. யாராச்சும் வந்தா ஆசையா இடது கைய நீட்டுவாரு. நான் தட்டி உள்ள தள்ளிடுவேன். நாலு பேர் என்ன நினைப்பாங்கன்னு. அப்புறம் அவர் யாரு வந்தாலும் வெளிய வரல. உள் ரூம்லயே இருந்துட்டாரு." மூக்கை உறிஞ்சினாள். "நான் தள்ளினதுதான். வேற யாருமில்ல."

இரண்டு பேரும் கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மூணாவது தடவ கேக்கணுமே!" மாமா அஜெய் அந்த இரைச்சலுக்கு மேல் கத்தினார். "கேக்கலாமா வேண்டாமா? எனக்குப் பசிக்குது!"

எல்லாரும் செர்வாவைப் பார்த்தார்கள். அவள் தலைக்கட்டை இடது கையால் நேர் செய்துகொண்டாள்.

"கேளுங்க," என்றாள். "இந்தத் தடவ வாழப்பழம் இல்லாம பதில் சொல்லட்டும்."

"மகளே! இந்தப் பாட்டில வாங்கிக்கலாமா?"

ஃபோசுவா எழுந்து நின்று தலையை நிமிர்த்தினாள். மைக் இல்லாமலே தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி, "ஆ...மாம் மாமா! வாங்கிக்கங்க! ஒரே ஒரு சீட்டுதான் இருந்துச்சு, அதுவும் நிரம்பியாச்சு! வண்டி கிளம்பிடுச்சு!" என்றாள்.

பந்தலே எழுந்துவிட்டது. பெண்கள் குலவையிட்டார்கள். பிராகோ தலைத்துணியைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு ஆடினாள். "என் தலையோட மறு பாதிய இன்னும் நீ பின்னல, ஞாபகம் வச்சுக்க! மாப்பிள்ள வீட்டுக்குப் போனாலும் விட மாட்டேன்!" பாரிமா முகத்தைத் தோள்துணியால் துடைத்துக்கொண்டான். வேர்வை என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்த ஆரவாரத்துக்கு நடுவில்தான் ஃபோசுவா அதைக் கவனித்தாள். அவள் விரல்கள் திறந்திருந்தன. எப்போது என்று தெரியவில்லை. சுண்டுவிரல், மோதிரவிரல், கட்டைவிரல், எல்லாம் தளர்ந்து, மழை விட்ட இலை மாதிரி கிடந்தன. ஆனாலும் கை கீழே விழவில்லை. செர்வாவின் விரல்கள் அதைச் சுற்றி இறுக்கமாக இருந்தன.

சொல்லலாமா என்று யோசித்தாள். சொல்லவில்லை.

பாட்டில் திறந்தது. முதல் சொட்டுகளைத் தரையில் ஊற்றி முன்னோரை அழைத்துவிட்டு, மாமா அஜெய் முதல் கிளாஸை நிரப்பி, முறைப்படி வந்த கூட்டத்தின் தலைவியிடம் நீட்டினார். செர்வாவின் முன்னால் கிளாஸ் நின்றது. ஒவ்வொரு தலையாக இந்தப் பக்கம் திரும்பியது. அவள் வலது கை மாட்டிக்கொண்டிருக்கிறதே!

"என்ன, இன்னும் விடலயா அது?" என்று மெதுவாகக் கேட்டாள் செர்வா.

"இல்ல அத்தை," என்றாள் ஃபோசுவா. முகத்தை நேராக வைத்துக்கொள்ள அவள் பட்ட பாடு!

"அப்படித்தான் எனக்கும் தோணுது."

செர்வா இடது கையை நீட்டினாள். இரண்டு குடும்பமும் பார்க்க, முன்னோர்கள் பார்க்க, அந்தக் கிளாஸை வாங்கினாள். சொல்ல வேண்டிய அந்த 'மன்னிக்கணும்' என்ற வார்த்தைக்காகப் பழக்கத்தில் வாய் திறந்தது. பக்கத்தில் இருந்தவளை ஒரு தடவை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு, கிளாஸைக் கவிழ்த்து ஒரே மடக்கில் குடித்தாள்.

"என்ன பாத்துட்டிருக்கீங்க எல்லாரும்?" என்றாள் காலி கிளாஸை நீட்டி. "இன்னொண்ணு ஊத்துங்க. இந்தக் கையிலயே."